வெள்ளிக்கிழமை ஜம்பலாயா

அன்று ஸ்ரீதரனுக்கு முருகன்மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வாரத்தில் ஏழு நாள் இருக்க, மிஸ் அன்ரனெற் அவனைச் சோதிக்க வெள்ளிக்கிழமையையா பிடிக்க வேண்டும்?

மிஸ் அன்ரனெற் நியூ ஓர்லியன்ஸ்காரி. குவீன் வீதியில் ரெஸ்ரோரன்ட் வைத்திருந்தாள். ஸ்ரீதரன் அங்கே உதவிக் குக். தலைமைக் குக் போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். காலை பத்து மணிக்குள் ஸ்ரீதரன் தனியாக வைக்கிற ஜம்பலாயா, அவள் ஊர்க் கலவைச் சோறு, அவளுக்குப் பிடித்தால் அந்த இடம் அவனுக்கு, முழுநேர வேலைக் கடிதத்தோடு. பிடிக்காவிட்டால் வெளியிலிருந்து ஆள் வரும். கொழும்பு லொட்ஜில் பதினாலு மாதமாகக் காத்துக்கிடக்கும் மனைவி நிலாணியை ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிட அந்தக் கடிதம் இல்லாமல் சரிவராது என்று லோயர் திட்டமாகச் சொல்லியிருந்தார்.

அவள் வந்து சேரும்வரை வெள்ளிக்கிழமைகளில் மச்சமாமிசம் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டதும் இதே ஸ்ரீதரன்தான். அவள் அங்கே, இவன் இங்கே, இருவருக்கும் ஒரே விரதம்.

ஆறு மாதமாக இதில் ஒரு கரைச்சலும் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கு நாக்கு எட்வேட். ரெஸ்ரோரன்டில் பாத்திரம் கழுவுகிற எட்வேட் பாஷையூர்க் கத்தோலிக்கன், எதையும் தின்பான். ஒரு கரண்டி வாயில் போட்டு, உப்புக் காணாது அண்ணை என்றால் காணாதுதான்.

கோழியையும் பன்றிச் சொசேஜையும் முறுகப் பொரித்தெடுத்து, அந்த எண்ணெயிலேயே வெங்காயம், செலரி, குடைமிளகாய் வதக்கி, தக்காளியும் அரிசியும் போட்டு, சூப்பை ஊற்றி மூடி, கடைசியில் இறாலைச் சேர்த்தான். மணம் தூக்கியடித்தது. ஆனால் சொசேஜ் புதுக் கடையிலிருந்து வந்தது. அதில் எவ்வளவு உப்போ, யார் கண்டது? அந்தப் பயத்தில் உப்பைக் குறைத்தே போட்டிருந்தான். வழக்கம்போலக் கரண்டியை நீட்டினான். எட்வேட் இரண்டடி பின்னுக்குப் போனான்.

"தவக்காலம் தொடங்கிட்டுது அண்ணை, வெள்ளியில எங்களுக்கும் இறைச்சி இல்லை. புதன்கிழமை நெத்தியில சாம்பலோட வந்தனான், நீங்கள் காணேல்லையே?"

ஸ்ரீதரனுக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் இடிக்கலாம் போலிருந்தது. உங்கள் வேதத்தில் இறாலுக்குத் தடை இல்லையே, ஒரு இறாலை மட்டும் வாயில் போட்டுப் பார் என்று கெஞ்சினான். அந்த இறால் இவ்வளவு நேரமும் பன்றியோடுதானே புரண்டது என்றான் எட்வேட். வேண்டுமென்றால் மோந்து பார்த்துச் சொல்கிறேன் என்று மூக்கை வேறு நீட்டினான். உப்பை மோந்து பார்க்கிற மூக்கை ஆண்டவன் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு மனிதனுக்கு வாய்க்கிற கூட்டாளியைப் பாருங்கள்.

பத்து மணிக்கு மிஸ் அன்ரனெற் இரண்டு கரண்டிகளோடு வந்தாள். ஒன்றை அவனிடம் கொடுத்தாள். சமைத்தவன் முதலில் சாப்பிட வேண்டும், அவள் வீட்டு அடுப்படியில் அதுதான் சட்டமாம். வயிறு சரியில்லை என்று சொல்லலாமா என ஒரு கணம் யோசித்தான். வயிறு சரியில்லாத குக்கை யார் வேலைக்கு வைப்பார்கள்? முருகா, நீயே பார்த்துக்கொள் என்று வாயைத் திறந்தான்.

உப்புக் காணாது.

அவள் கரண்டியைத் தூக்குமுன் கையைக் காட்டி மறித்தான். உப்பைக் கொஞ்சச் சூப்பில் கரைத்து ஊற்றி, மிளகாய்த்தூளும் தூவிப் பிரட்டி, மறுபடி ஒரு கரண்டி தின்று பார்த்தான். சரியாக இருந்தது. மூன்றாவது கரண்டிக்குத் தேவையே இருக்கவில்லை, அதையும் தின்றான். அவ்வளவு ருசியாக இருந்ததுதான் அவனுக்குப் பெரிய ஆத்திரம்.

மிஸ் அன்ரனெற் தட்டை வழித்துவிட்டு, கடிதத்தில் அவன் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டாள்.

அவன் தெருமுனைப் போனுக்கு ஓடி, கோலிங் கார்டில் லொட்ஜுக்கு எடுத்தான். மனேஜர் நிலாணியைக் கூட்டிவர ஒரு யுகம் ஆனது. செய்தியைக் கேட்டு அவள் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாத்தீங்களே, விரதம் பிடிச்சது வீண்போகேல்லை," என்றாள். "அது சரி, இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?"

பல்லிடுக்கில் சிக்கியிருந்த சொசேஜ் துணுக்கை ஸ்ரீதரன் நாக்கால் நெம்பினான். அது வரமாட்டேன் என்றது.

"சோறு," என்றான்.