கடைசி பெஞ்சில் எழுதிய பரீட்சை

அந்தக் காலத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'நூறு டீச்சர்'. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் என் சராசரி தொண்ணூற்றெட்டுக்குக் கீழே இறங்கியதே இல்லை. அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சமும் இல்லை என்று சொன்னால், கூட வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பயமும் இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் ஓடிய வேலை அது. ஆண்டு முடிவில் நிர்வாகக் குழு ஒவ்வோர் ஆசிரியரின் சராசரியையும் பார்க்கும். அது குறைந்தால் அடுத்த ஆண்டுக்கான கடிதம் வராது.

என் வித்தை ரொம்பச் சின்னது. பரீட்சைக்கு முந்தின வாரம் முப்பது கணக்குகளை விடையோடு பலகையில் எழுதிப்போடுவேன். வினாத்தாளில் அவற்றில் இருபது வரும், எண்கூட மாறாது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து கொட்டிவிட்டுப் போவார்கள். இதை ஏமாற்று வேலை என்று நான் நினைத்ததே இல்லை. பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

அந்த ஆண்டு புதுத் தலைமை ஆசிரியை வந்தார். என்னைவிட மூன்று வயது சின்னவர், மொழிப்பாடம் நடத்தியவர். தனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிச் சிரித்தார். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஏதாவது ஒரு வகுப்பில் நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டை விரித்து, பிள்ளைகளோடு எழுதுவார். வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று எனக்கு எரிந்தது.

அரையாண்டுத் தேர்வன்று என்னிடம் ஒரு வினாத்தாள் கேட்டு வாங்கிக்கொண்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுப் பரீட்சையையும் எழுதினார். தன் முகத்துக்காக மதிப்பெண் போட வேண்டாம் என்று சொல்லித்தான் தாளைக் கொடுத்தார். திருத்தினேன். தொண்ணூற்று நான்கு. பெருமையாகவே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் தாளை மேசைமேல் விரித்துவைத்து என்னை உட்காரச் சொன்னார்.

"எனக்குக் கணக்கு வராது, டீச்சர். மூணு நாள் உங்க நோட்டை மனப்பாடம் பண்ணினேன். இதுல ஒரு வரிகூட எனக்குப் புரியலை. அப்புறம் எப்படி எனக்குத் தொண்ணூத்தி நாலு வந்துச்சு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தெரியாத கணக்கைக் கொடுத்தால் சராசரி சரியும், எனக்குக் கடிதம் வராது, உங்களுக்கென்ன, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்பது சுலபம் என்று பொரிந்து தள்ளினேன். நான் முடித்ததும், புதுக் கணக்கு தயாரிக்க எனக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டார். வேண்டுமென்றே முடியாததாகப் பார்த்துச் சொன்னேன். தினமும் சாப்பாட்டுக் கூடத்தில் காவல் நிற்கிறேன், அது போக வேண்டும். வாரத்துக்கு இரண்டு பீரியட் சும்மா வேண்டும்.

"கூடத்துல நான் நிக்கிறேன். ரெண்டு பீரியடும் நான் எடுத்துக்கறேன். குழு கேட்டா நான் பேசிக்கிறேன். நீங்க கணக்கை மட்டும் பாருங்க."

மேலே இருப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள், காற்று திரும்பினால் கை கழுவிவிடுவார்கள் என்று நினைத்தபடி எழுந்து வந்தேன். மறுநாள் மதியம் பார்த்தால், சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றார். ஆண்டு முடியும்வரை ஒரு நாள் தவறவில்லை.

பலகையில் போடாத கணக்குகளோடு முதல் பரீட்சை வைத்தேன். சராசரி முப்பத்தொன்று. கடைசி பெஞ்சுக்காரருக்குப் பதினொன்று. பெற்றோர் கூட்டத்தில் மருந்துக்கடைக்காரர் ஒருவர், தொண்ணூற்றொன்பது வாங்கிய தன் மகள் இருபத்தெட்டுக்கு வந்ததற்கு நான்தான் காரணம் என்று என்னை உண்டு இல்லை என்று ஆக்கினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. தலைமை ஆசிரியை எழுந்து, தன்னுடைய பதினொன்று மார்க் தாளை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். வினாத்தாளை மாற்றச் சொன்னது தான்தான் என்றும், தானும் அந்த வகுப்பில் படித்துத் தேறப்போவதாகவும் சொன்னார். கூட்டத்தில் சிரித்தவர்களும் உண்டு, முணுமுணுத்தவர்களும் உண்டு.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுவிட்டு நான் சும்மா நிற்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. பிள்ளைகள் திருதிருவென்று விழிப்பார்கள். விடையைச் சொல்லிவிட எனக்கு நாக்கு அரிக்கும். வாயைத் திறக்கப் போனால், கடைசி பெஞ்சிலிருந்து அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவார். ஏழு நிமிடம், எட்டு நிமிடம் போகும். அப்புறம் யாராவது ஒரு பிள்ளை, "டீச்சர், இப்படிப் பண்ணலாமா?" என்று தயங்கித் தயங்கி ஆரம்பிக்கும். மருந்துக்கடைக்காரரின் மகள் ஒருநாள் பலகைக்கே வந்து, நான் போட்ட கணக்கில் ஒரு படி வீண் என்று காட்டினாள். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குள் சிரித்துக்கொண்டே போனேன்.

முழுஆண்டுத் தேர்வில் சராசரி அறுபத்து மூன்று. தலைமை ஆசிரியைக்கு ஐம்பத்திரண்டு. கடிதம் வராது என்று வீட்டில் சொல்லித் தயாராக இருந்தேன். வந்துவிட்டது. விடுமுறை முடிந்து போனபோது அவர்தான் வரவில்லை. கணவருக்கு வேறு ஊரில் வேலையாம், போய்விட்டாராம் என்றார்கள். நம்பினேன். ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லையே என்று கொஞ்ச நாள் உறுத்தியது, பிறகு மறந்தும் போயிற்று.

பதினாறு ஆண்டுகள் கழித்து இப்போது அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் அறைக்கு வெள்ளையடிப்பதற்காக அலமாரியை ஒழித்தபோது, நிர்வாகக் குழுவின் பழைய கோப்பு கிடைத்தது. கணக்குப் பாடச் சராசரி சரிந்ததற்கு யார் பொறுப்பு, யாரை நீக்குவது என்று குழு எழுதிக் கேட்டிருந்தது. அதற்கு அவர் எழுதிய பதில் ஆறே வரி.

"பொறுப்பு என்னுடையது. ஆசிரியை என் உத்தரவுப்படிதான் செய்தார். அவருக்குக் கடிதம் கொடுங்கள், நான் விலகிக்கொள்கிறேன். அவர் கற்பித்ததற்கு என் விடைத்தாள்களே சான்று. தொண்ணூற்று நான்கு வாங்கியபோது எனக்கு ஒன்றும் தெரியாது. ஐம்பத்திரண்டு வாங்கும்போது எனக்குக் கணக்கு தெரியும்."

மூன்று தாள்களும் பின்னால் இணைக்கப்பட்டிருந்தன. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். வெள்ளையடிக்க வந்தவர் வாளியோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

அப்புறம் அந்த ஐம்பத்திரண்டைப் புரட்டினேன். கடைசிக் கணக்கு ஒரு செவ்வகத் தோட்டம். நீளம் அகலத்தைவிட ஆறு மீட்டர் அதிகம், பரப்பு தொண்ணூற்றொரு சதுர மீட்டர், பக்கங்கள் எவ்வளவு? அவர் சமன்பாடே எழுதவில்லை. தோட்டத்தைப் படமாக வரைந்து, கூடுதலாக இருந்த ஆறு மீட்டரில் பாதியை வெட்டிப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். ஒரு மூலையில் மட்டும் மூன்றுக்கு மூன்று குறைகிற ஒரு சதுரம் வந்திருந்தது. தொண்ணூற்றொன்றோடு ஒன்பது, நூறு. சதுரத்தின் பக்கம் பத்து. ஆகவே தோட்டம் பதின்மூன்று, ஏழு.

நான் சிவப்பு மையில் "சமன்பாடு எங்கே?" என்று எழுதிப் பூஜ்யம் போட்டிருந்தேன். விடையைக்கூடப் பார்க்கவில்லை. அவரும் வந்து கேட்கவில்லை.

மேசையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். பூஜ்யத்தை அடித்துவிட்டு ஐந்து போட்டேன். முதல் பக்கத்தில் ஐம்பத்திரண்டை ஐம்பத்தேழாகத் திருத்தி, கையெழுத்துப் போட்டு, இன்றைய தேதியையும் எழுதினேன். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தாளை நேரில் கொடுக்க வேண்டும்.