அமலி வரைந்த தெரு

என் தங்கை அமலியை அடக்கம் செய்த மறுநாள், அவள் வரைந்த தெருவுக்கு நான் குடிபோனேன்.

அவள் கார்ட்டூன் படங்களுக்குப் பின்னணி வரைந்தவள். படத்தில் ஒரு நாய் ஒரு சேவலைத் துரத்தும். அந்த இரண்டையும் வேறு ஆட்கள் வரைவார்கள். அவை ஓடுகிற தெருவை அமலி வரைவாள்.

தெருமுனையில் அந்தத் தெருவின் கண்காணிப்பாளர் ஒருவர் நின்றிருந்தார். கார்ட்டூன் ஆட்களுக்கு இருப்பதுபோல அவரைச் சுற்றிக் கறுப்புக் கோடு இருந்தது.

“ஒண்ணு ஓடணும். இல்லன்னா அசையாம இருக்கணும்” என்றார்.

“அசையாம இருக்கேன்.”

“மூச்சு?”

“மெதுவா விடுறேன்.”

“அப்ப தபால்பெட்டி பக்கத்துல நில்லுங்க.”

நின்றேன். நாயும் சேவலும் ஓடி வந்தன. அவை இருந்த இடத்திலேயே ஓடின. தெருதான் நகர்ந்தது. மஞ்சள் சுவர், தபால்பெட்டி, வேப்பமரம், ஊதா வீடு. அப்புறம் மறுபடியும் மஞ்சள் சுவர். தபால்பெட்டியோடு நானும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தேன்.

வேறு வேலை இல்லாததால் தெருவைப் பார்த்தேன். மழை விட்டதும் வருகிற வெளிச்சத்தை அவள் சுவரில் பூசியிருந்தாள். சுவரின் அடியில் பாசி கசிந்திருந்தது. மரத்தின் நிழலில் கறுப்பே இல்லை. நீலத்தின் மேல் கொஞ்சம் கத்தரிப்பூ நிறம், அவ்வளவுதான். ஒரு மொட்டைமாடியில், படம் பார்க்கிறவர்கள் கண்ணில் படாத தூரத்தில், என் கோடுபோட்ட சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதை அவள் என்னிடம் சொன்னதில்லை.

ஊதா வீட்டின் கதவு மட்டும் சுவரோடு ஒட்டாமல், பளிச்சென்று தனியாகத் தெரிந்தது.

அமலி ஒருமுறை சொல்லியிருக்கிறாள். “அசையப்போற சாமானை வேற தாள்ல வரைவாங்கண்ணே. அதான் நிறம் சேராது.”

அப்படியானால் அந்தக் கதவு திறக்கும். திறந்தால் அமலி வருவாள் என்று நினைத்தேன். அவள் தெருவில் வேறு யார் இருக்க முடியும்?

அடுத்த முறை நாய் பக்கத்தில் வந்தபோது கூப்பிட்டேன். அது ஓடிக்கொண்டே பேசியது.

“அந்தக் கதவா? அது நான் மோதுறதுக்குங்க. மோதினா படம் முடிஞ்சிரும்.”

“உள்ள யாரு இருக்காங்க?”

“பாத்ததில்ல. மோதினதும் கண்ணைச் சுத்தி நட்சத்திரம் வந்துரும்.”

“இன்னைக்கு மோதாம, மெதுவாத் திறக்க முடியுமா? உள்ள என் தங்கச்சி இருக்கா.”

“படத்துல தங்கச்சியே கிடையாதே.”

“இந்தத் தெருவை அவதான் வரைஞ்சா.”

நாய் நின்றுவிட்டது. தெருவும் நின்றது. கொஞ்சம் முன்னால் சேவலும் நின்று, மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தது. நாய் முதன்முறையாகச் சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பியது. வெகுநேரம் பார்த்தது.

“இதுக்கு முன்னாலயா நான் ஓடிக்கிட்டிருந்தேன்?” என்றது.

கண்காணிப்பாளர் விசில் ஊதினார். யாரும் ஓடவில்லை. அவரும் சுவரைப் பார்த்தார். பிறகு விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

நாய் முன்னங்காலால் கதவைத் தள்ளியது.

உள்ளே வெறும் வெள்ளை. தரையோ சுவரோ இல்லை.

“யாருமில்லையேங்க” என்றது நாய்.

“அமலி” என்று கூப்பிட்டேன். என் குரல் எங்கேயும் மோதாமல் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே போய் மண்டியிட்டுத் தடவிப் பார்த்தேன். காகிதம். ஓரமெல்லாம் காய்ந்திருந்தது. நடுவில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் குளிர்ந்து ஈரமாக இருந்தது.

நிறம் வைப்பதற்கு முன்னால் அவள் காகிதத்தை நனைப்பாள். நனைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

அந்த ஈரத்தின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டேன். அழுதேன். அந்த ஈரத்தைக் காக்க அது போதவில்லை. ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தது.

“காஞ்சா என்னங்க ஆகும்?” என்று வாசலிலிருந்து சேவல் கேட்டது.

“அப்புறம் வரைய முடியாது.”

அவை இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பக்கத்தில் எங்கே தண்ணீர் இருக்கிறது என்று சேவலுக்குத் தெரியுமாம். அது முன்னால் நடக்கிறது. நாய் வாயில் ஒரு வாளியைக் கவ்விக்கொண்டு பின்னால் போகிறது.