என்புக் கலத்தின் ஏமாளித்தனம்

எலும்பை ஆக்கும் உயிரணுவான என்புக் கலம் ஓர் ஏமாளி என்பதை, ஓய்வு பெற்ற பின்னர் விஞ்ஞானப் பரீட்சை எழுதித் தேறிய முருகேசு கற்றறிந்தார். அன்றுதொட்டு அவருக்குக் கலத்தின்மீது சிறிது இளக்காரம் இருந்து வந்தது.

"கல்சியத்தை உணரவெண்டு அதிலை றிசெப்ரர் எண்ட ஒரு வாங்கி இருக்கு. ஸ்ரொன்சியம் அயன் போய் நிண்டாலும், கல்சியம் வந்திட்டுதெண்டு உள்ளுக்கை அறிவிச்சுப்போடும். கலமும் அதை நம்பி என்பு கட்டத் தொடங்கீடும். மடைச் சாமான்!" என்று பருத்தித்துறை மீன் சந்தையிலும் விளக்கினார்.

விளக்கத்திற்குக் காரணம் இருந்தது. காங்கேசன்துறையிலிருந்து கப்பலேறிச் சிதம்பரம் தரிசிக்க வேண்டுமென்பது மனைவி உதயகலாவின் நெடுநாள் ஆசை. அவரது என்புகளோ தேய்ந்திருந்தன. கப்பலின் ஆட்டத்தில் விழுந்தால் இடுப்பு முறியும், அடுத்த என்பு ஸ்கானைப் பார்த்தே முடிவு சொல்லலாம் என்று டொக்டர் சுபாஜினி சொல்லி, கிளினிக் குளிசைகளை எழுதிக் கொடுத்தார். முருகேசு அவற்றை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, கனடாவிலிருந்து மைத்துனர் அனுப்பிய ஸ்ரொன்சியக் குளிசைகளையே மனைவிக்குக் கொடுத்து வந்தார். வெளிநாட்டுச் சாமான்; போத்தலே பாரமாக இருந்தது.

ஸ்கானில் என்பின் அடர்த்தி பாய்ந்து ஏறியிருந்தது. முருகேசு கப்பலுக்கு ரிக்கற்றும் பதிந்துவிட்டு, வெற்றிவாகை சூடியவராக மனைவியுடன் டொக்டர் முன் அமர்ந்தார்.

"என்ன குளிசை ஐயா குடுத்தனீங்கள்?"

வாங்கியின் அறிவீனத்தை அவர் ஆதியோடந்தமாக எடுத்துரைத்தார்.

"அது சரி ஐயா. ஆனா ஸ்ரொன்சியம் கல்சியத்தைவிடப் பாரமான உலோகம். எக்ஸ்றேயைக் கூடுதலா மறிக்கும். மிசின் அதையும் கல்சியமெண்டு எடுத்திட்டுது. உந்த நம்பரிலை எவ்வளவு மெய்யெண்டு எனக்கே தெரியாது."

"அப்ப மிசினும் ஏமாந்திட்டுதோ?" என்றார் உதயகலா.

"ஓம் அம்மா."

"மிசினைப் பாத்து இவரும்."

முருகேசு கூரை விசிறியை ஆராய்ந்தார். பாடநூலில் அந்த அத்தியாயம் இருக்கவில்லை.

"நம்பர் கிடக்கட்டும் டொக்டர். நான் சிதம்பரம் போகலாமோ, ஏலாதோ?"

டொக்டர் உதயகலாவை எழுப்பி, வாசல்வரை நடக்கவிட்டுப் பார்த்தார். "நடை உறுதியாத்தான் இருக்கு, போகலாம். இண்டைக்கே நான் எழுதின குளிசையைத் தொடங்குங்கோ. கப்பலிலை மட்டும் ஐயா உங்கடை கையை விடவே கூடாது."

கலியாணத்தன்று ஐயர் சொன்னதற்காக ஒருமுறை பிடித்த கை அது. பின்னர் வீதியில் மனைவிக்குச் சில அடி முன்னே நடப்பதே முருகேசுவின் ஒழுக்கம்.

இறங்குதுறை வரிசையில், ஊரார் பார்த்திருக்க, அவர் அந்தக் கையைப் பற்றியபடி விறைத்து நின்றார். அயல்வீட்டு மார்க்கண்டு கண்ணைச் சிமிட்டினார்.

"என்ன அண்ணை, இந்த வயசிலை?"

"இது வைத்திய ஆலோசனை!" என்று முருகேசு வரிசை முழுவதற்கும் அறிவித்தார்.

"மெள்ளப் பிடியுங்கோ," என்றார் உதயகலா. "கப்பல் வர முன்னம் நீங்களே முறிச்சுப்போடுவியள்."