ஆறு மடங்கு வளர்ச்சி

இயக்குநரை ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் 'பேரண்டம்' என்றுதான் சொல்வார்கள், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில். அன்று பிற்பகல் பேரண்டம் நிருபர்களை வரச்சொல்லியிருந்தார்.

கேலக்ஸிகள் நூற்றுக்கணக்கில் கொத்தாகக் கூடிக் கிடக்கும் இடங்களில் நட்டநடுவே ஒரு பெரியது உட்கார்ந்திருக்கும். அக்கம்பக்கத்துச் சின்னதுகளை விழுங்கியே அது வளரும். எண்ணூறு கோடி வருடத்தில் அது ஆறு மடங்கு பெருத்துவிட்டது என்பது பேரண்டத்தின் கண்டுபிடிப்பு. வாசல் பேனரில் அந்த 'ஆறு' ஆளுயரத்துக்கு நின்றது. அதைவிட அரையடி உயரமாக அவர் முகம்.

மூன்று வருடம் உட்கார்ந்து அளந்தவள் ஓர் ஆய்வாளர். அவளுடைய ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. "வேலைதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்கும்மா நீட்டிப்பு?" என்று பேரண்டம் காலையில்தான் கேட்டிருந்தார்.

பதினொரு மணிக்குக் கணக்கை மறுபடி புரட்டியபோது அவளுக்குத் தப்பு அகப்பட்டது. கிட்டத்தில் இருக்கும் கேலக்ஸிகளைச் சுற்றிக் கணினி பெரிய வட்டம் போட்டு, ஓரத்து மங்கல் வெளிச்சத்தையும் வாரிச் சேர்த்திருந்தது. தொலைவில் இருப்பவை, அதாவது வெளிச்சம் வந்துசேரவே கோடிக்கணக்கான வருடம் ஆவதால் அந்தக் காலத்துக் கோலத்தில் தெரிபவை, அவற்றில் மங்கல் கண்ணுக்கே படவில்லை. வட்டம் நடுப்பகுதியோடு நின்றுவிட்டது. எல்லாவற்றையும் ஒரே அளவு வட்டத்தில் அளந்தால் இரண்டு மடங்குகூடத் தேறவில்லை.

பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இப்ப கோட்டு சூட்டோட எடை பார்த்துட்டு, சின்ன வயசுல துணியில்லாம பார்த்த எடையோட ஒப்பிட்டிருக்கோம்ணே."

"சொன்னா இன்னைக்கே அனுப்பிருவாரு. சொல்லலேன்னாலும் இன்னைக்கேதான். சொல்லிட்டே போம்மா."

பேரண்டம் கண்ணாடி முன்னால் டை கட்டிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் கை முடிச்சிலேயே நின்றது.

"பேனர் அடிச்சாச்சேம்மா!"

"கேலக்ஸிக்கு அது தெரியாதே சார்."

"அப்ப மொத்தத்தையும் திரும்ப அளக்கணுமா? யாரு அளப்பா?"

"தெரிஞ்சவங்கன்னா மூணு வருஷம். புது ஆளுன்னா வட்டம் போடப் பழகவே ஒரு வருஷம் போயிரும்."

அவர் பேனாவைத் தேடினார்.

மூன்று மணிக்கு மேடையேறியவர், "ஆறு மடங்குன்னு சில அவசரக்காரங்க சொல்லிட்டுத் திரியறாங்க," என்று ஆரம்பித்தார். பேனரைக் கடந்துதான் நிருபர்கள் உள்ளே வந்திருந்தார்கள்.

"யார் சார் அந்த அவசரக்காரங்க?"

"பேர் சொல்றது நாகரிகம் இல்ல," என்றார் பேரண்டம், பெருந்தன்மையோடு.

அவள் வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"மூணு வருஷம் நீட்டிச்சுட்டாங்க!"

"அடி சக்கை! கணக்கு சரியா வந்திருச்சா?"

"இல்லீங்க, தப்பாப் போச்சு. அதனாலதான்."