இருமிய கானாங்கோழி

வெள்ளிக்கிழமைக்குள் உள்ளூர்க் கூட்டாளி ஒருவரைப் பிடிக்காவிட்டால் இந்த ஆண்டுப் பறவைக் கணக்கெடுப்பிலிருந்து அந்தச் சதுப்பு நிலத்தையே எடுத்துவிடுவதாக மேடம் சொல்லியிருந்தார். வேலையில் சேர்ந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் தனிப் பொறுப்பு அது.

நாங்கள் தேடிய சின்னக் கானாங்கோழி லேசில் கண்ணில் படாது. அந்தியில் அதன் குரலை போனில் ஒலிக்கவிட்டு, கோரைக்குள்ளிருந்து பதில் வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். அதற்கு அங்கேயே இருக்கிற ஆள் தேவை.

தேடியதில் இரண்டு பேர் கிடைத்தார்கள். இக்கரையில் கோரை அறுக்கும் பெண்மணி, அக்கரையில் ஒரு படகுக்காரர். யாரைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பினேன். இருவரைச் சோதிக்கும்போது ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியக் கூடாது என்று பறவைக் கணக்கெடுப்பு பற்றிய மாலை வகுப்பில் படித்திருந்தேன். அதன்படி இருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவை அனுப்பினேன். வானிலை மாறிவிடக் கூடாதே என்று இருவருக்கும் ஒரே அந்தியைக் கொடுத்தேன். ஒலிக்கவிட்டுக் கேட்பதைப் பதிவு செய்து வரச் சொன்னேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு வரவும் வெவ்வேறு நேரம்தான் சொல்லியிருந்தேன். கோரைக்கார அம்மா இருக்கும்போதே படகுக்காரர் முன்னதாக வந்துவிட்டார்.

"இவன் எதுக்கு இங்க?" என்று கோரைக்கார அம்மா என்னிடம் கேட்டார்.

"அவங்க எதுக்கு இங்கன்னு கேளும்மா," என்றார் படகுக்காரர், அவரும் என்னிடமே.

உடன்பிறந்த அக்காவும் தம்பியுமாம். அப்பாவின் படகு யாருக்கு என்ற சண்டையில் பேச்சு நின்றுபோனதாம். இதையும் ஆளுக்கொரு விதமாக என்னிடம்தான் சொன்னார்கள். நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டேன்.

முதலில் அக்காவின் பதிவு. அவர் போட்ட குரல் முடிந்ததும் தூரத்திலிருந்து ஒரு பதில். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தம்பியின் பதிவிலும் அப்படியே ஒரு பதில். இரு கரையிலும் பறவை!

ஆனால் பதில் குரலின் முடிவில் 'லொக்' என்று ஏதோ கேட்டது. திரும்பப் போட்டேன். இரண்டிலும் அதே லொக். பறவை இருமுமா? ஒரு நிமிடம் நிஜமாகவே அப்படி யோசித்தேன். பிறகுதான் உறைத்தது. வகுப்பறை ஒலிபெருக்கியிலிருந்து அந்தக் குரலை என் போனில் எடுத்த அன்று எனக்குச் சளி பிடித்திருந்தது; கடைசியில் இருமியது நான்.

தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப கொசுக்கடியில உக்காந்து நான் கேட்டது இவன் போனையா?"

"நான் கேட்டதும் உன் போனைத்தான். நாலு தரம் போட்டேன், நாலு தரமும் பதில் சொன்ன."

"எனக்குப் புல்லரிச்சுப் போச்சுடா."

"எனக்கு மட்டும்? அது என்னைத்தான் கூப்பிடுதுன்னு நினைச்சேன்."

"உன்னை யாரு கூப்பிடுவா!"

இப்போது என்னை இருவரும் மறந்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்பதா, தண்ணீர் கொடுப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

"அப்ப நிஜப் பறவை இருக்கா இல்லையா?" என்றார் அக்கா.

"நாளைக்கு என் படகுல வா. நான் போடுறேன், நீ கேளு."

"நீ ஊரே கேக்குற மாதிரி சத்தமா வெப்ப. நான் போடுறேன், நீ வாயை மூடிட்டுக் கேளு."

"சரி, கூட்டாளியா யார் பேரை எழுதறது?" என்று மெல்லக் கேட்டேன். இருவரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.

"முதல்ல நீ ஒழுங்கா ஒண்ணு பதிவு பண்ணி அனுப்பும்மா," என்றார் படகுக்காரர். படியிறங்கும்போதும் யார் போடுவது என்ற வாக்குவாதம் ஓயவில்லை.

மேடம் போனில் வந்தார். "பறவை இருக்கா?"

"தெரியல மேடம்."

"ஆளாவது இருக்கா?"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். தெருவில் அக்கா முன்னால் போக, கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டே தம்பி பின்னால் போனார்.

"ரெண்டு பேர் இருக்காங்கன்னு நினைக்கிறேன், மேடம்," என்றேன்.