பல் பிரிவுக்குப் பக்கத்து அறை

"நானே சடை போடப் படிச்சிட்டா, நீ எங்க உம்மா போவ?"

லாமியா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கண்ணாடி முன்னால் நின்று, மூன்றாகப் பிரித்த முடியைக் கையில் பிடித்தபடி, கண்ணாடிக்குள் தெரிந்த தாயைப் பார்த்துக் கேட்டாள். அந்த மாதம் முழுக்க நஸீஹா மகளுக்கு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பொத்தான் போடவும், சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைக்கவும், இருட்டில் பயமாக இருந்தால் என்ன ஓத வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தாள். பொறுப்பான உம்மா என்று பார்த்தவர்கள் மெச்சினார்கள். இவ்வளவு அவசரம் எதற்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைக்கு மட்டும் தோன்றியது.

நஸீஹா முடியை வாங்கித் தானே பின்னிவிட்டாள். மறுநாள் பல் வலிக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

வீடு தொண்டியில், கணவனுடைய வீடு. நவ்ஷாத் கத்தாரில் இருந்தான். அவர்களுடைய இரண்டாவது பிள்ளை பிறந்த சில நாளில் மவுத்தாகிவிட்டது. அடக்கம் முடிந்ததும் எல்லாரும் சபூர் செய், பொறுத்துக்கொள் என்றார்கள். அவளும் சபூராகத்தான் இருந்தாள். அழாமல் சமைத்தாள், தொழுதாள், போனில் கணவனிடம் நலம் விசாரித்தாள். உள்ளே மட்டும் ஏதோ அணைந்துவிட்டது. சாக வேண்டும் என்ற எண்ணம், ஒரு நாளும் தவறாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் விருந்தாளியைப் போல ஆகியிருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவுக்குப் பக்கத்து அறையில்தான் மனநல ஆலோசகர் முருகலட்சுமி இருந்தார். கதவில் பச்சைத் திரை. உள்ளே பாய் விரித்திருந்ததால் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும். முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்:

"இங்கன பேசுறது இந்த ரூமோட இருக்கும்மா. உங்க வீட்டுக்காரருக்கோ மாமியாருக்கோ போகாது. ஒண்ணே ஒண்ணுதான். உங்க உசுருக்கு ஆபத்துன்னு எனக்குப் பட்டா, உங்களைக் காப்பாத்துறதுக்கு யார்கிட்டயாவது சொல்ல வேண்டியிருக்கும். அதையும் உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்."

அவ்வளவு சொன்னதில் நஸீஹாவின் காதில் தங்கியது 'யார்கிட்டயாவது' என்ற ஒரு சொல்தான். அவள் பிறந்த தெருவில் ஒருத்திக்கு மனசு சரியில்லை என்று வெளியே தெரிந்துபோனது. புருஷன் வீட்டார் அவளைத் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள், பிள்ளையை அனுப்பவில்லை. அவள் பள்ளிக்கூடக் கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நிழலில் நின்று, மணி அடித்ததும் ஓடிவரும் பிள்ளைகளில் தன் பிள்ளையைத் தேடுவாள். நஸீஹா அதைப் பார்த்திருக்கிறாள்.

"தூக்கம் வரல. அவ்வளவுதான்" என்றாள்.

ஒவ்வொரு வாரமும் முருகலட்சுமி ஒளிவுமறைவில்லாமல் கேட்பார். "சாகணும்னு தோணுதா நஸீஹா?"

"அல்லாஹ் காப்பாத்தணும். அதெல்லாம் இல்லக்கா."

அவர் வற்புறுத்தவில்லை. "சரிம்மா. அடுத்த வாரம் வாங்க" என்பார்.

மாமனார் சதக்தான் அவளை ஆட்டோவில் கூட்டிவருவார். முப்பது வருஷம் அரபு நாட்டில் கப்பல் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அதிகம் பேசமாட்டார். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் திரும்பி வந்ததும், "முடிஞ்சுதா?" என்று ஒரு கேள்வி. அதற்கு மேல் கிடையாது.

அப்படி இருக்கையில் ஒரு கல்யாணம் வந்தது. மணப்பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெண்கள் பந்தியில் சஹனைச் சுற்றி நான்கு நான்கு பேராக உட்கார வைத்தார்கள். ஒரே பெரிய தட்டில் நெய்ச்சோறு, நடுவில் கறி. நான்கு பேர் கையும் அதில்தான். நஸீஹாவும், மாமியார் உம்மு ஹபீபாவும், நவ்ஷாதின் அக்கா சூஃபியாவும் உட்கார்ந்த சஹனில் நான்காவது இடம் காலியாக இருந்தது. பந்தி விசாரித்த பெண் யாரையோ தோளைப் பிடித்து அழைத்து வந்து அமர்த்தினாள். நஸீஹா நிமிர்ந்து பார்த்தாள். முருகலட்சுமி.

சஹனில் உட்கார்ந்தவர் எழுந்து போக முடியாது. நஸீஹாவுக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"எந்த ஊரு நீங்க?" என்று உம்மு ஹபீபா விசாரித்தார்.

"கடலாடிப் பக்கம்மா. இங்கன ஆஸ்பத்திரியில வேலை."

"அப்படியா! நம்ம மருமகளும் வாரா வாரம் அங்கனதானே வாரா. பல்லு வலி. பாத்திருக்கீகளா?"

"எந்தப் பல்லுன்னு கேளுங்க" என்று சூஃபியா சிரித்தாள். "முப்பத்திரண்டையும் வரிசையாப் பாக்குறாக போல. ஏ நஸீஹா, வாரத்துக்கு ஒண்ணுன்னா அடுத்த பெருநாளைக்குத்தான் முடியும். டாக்டரு அழகா இருக்காரா?"

பக்கத்துச் சஹனில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். முருகலட்சுமி நஸீஹாவைப் பார்த்தார். புதிதாக ஒரு முகத்தைப் பார்க்கிறவர் பார்ப்பது போலவே பார்த்தார். அந்தக் கண்ணில் அறிமுகம் இல்லை, இரக்கமும் இல்லை, குறிப்பு எதுவும் இல்லை.

"ஆஸ்பத்திரிக் கூட்டத்துல யாரு முகம்மா நினைவிருக்கும்?" என்றார். பிறகு தட்டில் மெத்தென்று வெந்த ஒரு கறித்துண்டைத் தேடி, விரலால் நஸீஹாவின் பக்கம் தள்ளினார். "பல்லு வலின்னா இதைச் சாப்பிடுங்க. நல்லா வெந்திருக்கு."

ஒரே தட்டில் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, போய்வருகிறேன் என்று பொதுவாகத் தலையசைத்துவிட்டு அவர் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அவர் வழக்கம்போலக் கேட்டபோது, நஸீஹா பாயைப் பார்த்துக்கொண்டு மகள் கேட்ட கேள்வியைச் சொன்னாள். பிறகு அந்தக் கேள்விக்குத் தன்னிடம் இருந்த பதிலையும் சொன்னாள். வீட்டு அலமாரியில் அதற்காகச் சேர்த்து வைத்திருப்பதையும் சொன்னாள்.

முருகலட்சுமி கையிலிருந்த நோட்டை மூடி வைத்தார். "இதை என்கிட்டச் சொன்னதுக்கு நன்றிம்மா" என்றார். "இனி ஒரு ஆளுக்குத் தெரியணும்."

நஸீஹா எழுந்துவிட்டாள். "இதுக்குத்தான் அன்னைக்கு என்னைத் தெரியாத மாதிரி இருந்தீகளா? நம்ப வச்சு வாயைப் பிடுங்கவா? என் புள்ளையைப் பிரிச்சிருவாக அக்கா. உங்களுக்கு எங்க வீடு தெரியாது."

"உக்காருங்க. உங்களுக்குத் தெரியாமச் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுற ஆளுக்கு மட்டும் சொல்லுவேன், நீங்க பக்கத்துல இருக்கும்போது. என்ன வார்த்தைன்னும் நீங்களே சொல்லுங்க. ஆனா இன்னைக்கு உங்களைத் தனியா அனுப்ப மாட்டேன். அது மட்டும் என்னால ஏலாது."

நஸீஹா ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். மாமியார் அழுது ஊரைக் கூட்டிவிடுவார். நவ்ஷாத் போனில் கத்துவான். சூஃபியா வேண்டவே வேண்டாம். கடைசியில், "மாமா" என்றாள்.

"மாமனாரா? அவர்கிட்ட நல்லாப் பேசுவீகளா?"

"பேசினதே இல்ல. அவுக யார்கிட்டயும் பேச மாட்டாக. அதான்."

சதக் செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்து, மருமகளுக்கு நேரே உட்காரக் கூச்சப்பட்டுச் சுவரோரம் அமர்ந்தார். முருகலட்சுமி சொன்னதைத் தலைகுனிந்து கேட்டார். நஸீஹாவுக்கு வந்திருப்பது நோய், மருந்து இருக்கிறது, மருந்து பிடிக்கும்வரை உயிருக்குக் காவல் வேண்டும் என்றார் அவர். சதக்கின் கையில் தஸ்பீஹ் அசையவில்லை.

"என் தம்பி ஒருத்தன் இருந்தான்" என்றார் சதக். அதற்கு மேல் தம்பியைப் பற்றிச் சொல்லவில்லை. "நான் என்ன செய்யணும்?"

அன்று மாலை அலமாரியில் இருந்ததை அவரே எடுத்து அப்புறப்படுத்தினார். வீட்டில் இருந்த எல்லா மாத்திரைகளையும், தன் சர்க்கரை மாத்திரை உட்பட, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பு பெல்ட்டில் போட்டுக்கொண்டார். மனநல டாக்டர் எழுதிய மருந்தைத் தினமும் ஒரு வேளைக்கு மட்டும் எடுத்துத் தருவார். அவள் அறைக்கு வெளியே கட்டில் போட்டுப் படுத்தார். உள்ளே காற்று வரவில்லை என்று மனைவியிடம் சொன்னார், அது உண்மைதான்.

பல் வலிதான் சிக்கலானது. "தீராத பல்லை வச்சுக்கிட்டு என்ன? பிடுங்கிப் போட்டுட்டு வா" என்றார் உம்மு ஹபீபா.

"இனி எனக்காகப் போறோம்" என்றார் சதக். "பல்லு கட்டப்போறேன். துணைக்கு அவ வாரா."

"இந்த வயசுல பல்லா? பொண்ணு எதுவும் பாத்திருக்கியளா?"

சதக் பொய்க்கு அஞ்சுகிறவர். அதனால் சொன்னதை உண்மையாக்கினார். பத்து வருஷமாகப் பொக்கை வாயோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மனிதர், மிச்சமிருந்த வேர்களைப் பிடுங்கிக்கொண்டார். வாய் வீங்கி இரண்டு நாள் பட்டினி கிடந்தார். நோன்பு என்று நினைத்துக்கொண்டதாகச் சொன்னார். கட்டிய பல் ஈறில் குத்தியது. ராவிவிடுவதற்காக வாராவாரம் போக வேண்டியிருந்தது. அவருக்கு அது வசதியாகவும் போயிற்று.

நஸீஹாவுக்கு ஒரேயடியாகக் குணமாகிவிடவில்லை. மருந்து முதலில் வாந்தி வரவைத்தது. சில நாட்கள் எழுந்திருக்கவே முடியாது; அந்த விருந்தாளி வந்து உட்காருவான். அப்போது வெளியே கட்டில் கிரீச்சிடும். ஆள் இருக்கிறது என்று தெரியும். இறைவன் பெரிய கதவு எதையும் திறக்கவில்லை. கிரீச்சிடும் ஒரு கட்டிலைத்தான் போட்டு வைத்திருந்தான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை இருந்தாள். லாமியாவுக்குச் சடை போடக் கற்றுக்கொடுப்பதை நிறுத்தியிருந்தாள். காலையில் தானே பின்னிவிட்டாள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு காலை. சதக் பல் பிரிவில் இருந்தார். நஸீஹா பக்கத்து அறைக்கு வந்தபோது பச்சைத் திரைக்கு வெளியே ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. தங்க நிறம். ஒன்றில் பாசிமணிப் பூ உதிர்ந்திருந்தது. துபாயிலிருந்து வந்த அந்தச் செருப்பைத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். சூஃபியா அதைப் போட்டுக்கொண்டுதான் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தாள்.

உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நஸீஹா நாலடி பின்னால் நகர்ந்தாள். அப்போது நடைபாதைக் கோடியில், மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டே, பக்கத்து வீட்டு நூர் நிஷா வருவது தெரிந்தது. நூர் நிஷாவுக்குத் தெரிந்தது அஸர் தொழுகைக்குள் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

நஸீஹா குனிந்து தங்கச் செருப்பைத் திரைக்கு அடியில் உள்ளே தள்ளினாள். தன் செருப்பைக் கழற்றி அந்த இடத்தில் வைத்தாள். எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என்ன நஸீஹா, இங்கன உக்காந்திருக்க? பல்லு அங்கிட்டுல்ல? இது அந்த ரூமாச்சே."

"ஆமா. இங்கதான் வந்தேன். எனக்குத்தான்."

நூர் நிஷா செருப்பைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். புர்காவை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சரி, வாரேன்" என்று வேகமாகப் போய்விட்டாள்.

உள்ளே ஆள் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. நஸீஹா தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு நடைபாதையைக் கடந்து வெயிலில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வேப்பமரத்தடியில், பல் பிரிவிலிருந்து அதற்குள் வந்துவிட்ட சதக் வீங்கிய தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல மாமா. உள்ள ஆள் இருக்கு. செத்த நேரம் கழிச்சுப் போறேன்."

யார் என்று அவர் கேட்கவில்லை. சூடு பட்ட பாதத்தை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு, நிழலில் நகர்ந்து இடம் விட்டார்.