கோல்பியின் பெயரில் ஒரு வெற்றி

ஹார்லன் ஸ்டப்பிள்ஃபீல்டின் கார் ஒன்பதாவது சுற்றிலேயே புகையைக் கக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. டென்னசி மலையடிவாரத்தின் அரை மைல் வளையத்தில் ஐந்நூறு சுற்றுப் பந்தயம். மற்ற கார்கள் உறுமிக்கொண்டிருக்க, அவன் டிரக்கின் பின்புறம் உட்கார்ந்து சாண்ட்விச்சைக் கடித்தான்.

இருபத்திரண்டு வருடங்கள், பதினோரு முதலாளிகள். ஒரு வெற்றிகூட இல்லை. கொடுத்த காரை நசுங்காமல் திருப்பிக் கொண்டுவருவான் என்ற நல்ல பெயர் மட்டும் உண்டு. இப்போதைய முதலாளியும் இந்த வருடத்தோடு கடையை மூடுகிறார். வேறு அணியில் ஓட்ட சீட் கிடைக்காவிட்டால், ஜனவரியிலிருந்து மச்சானின் டயர் கடைதான்.

வெண்டல் ப்ரூயிட் மூச்சிரைக்க ஓடிவந்தான். இரண்டு கார் வைத்திருக்கும் பெரிய அணியின் தலைவன்.

"யோவ் ஹார்லன்! தின்னது போதும், ஹெல்மெட்டை எடு!"

"என்னய்யா ஆச்சு?"

"நம்ம காரை ஓட்டுற கோல்பிப் பய, வெயில்ல கெடந்த உருளைக்கிழங்கு சாலட்டை ஒரு கட்டு கட்டியிருக்கான். இப்ப ஹெல்மெட்டுக்குள்ளயே வாந்தி. மிச்சத்தை நீதான் ஓட்டணும். விதி தெரியும்ல? பந்தயத்தை ஆரம்பிச்சவன் பேருலதான் எழுதுவாங்க. நீ ஜெயிச்சாலும் ஜெயிச்சது அவன்தான்."

"இதுவரைக்கும் என் பேருல மட்டும் என்னத்த எழுதிக் கிழிச்சாங்க? அடுத்த வருஷம் மூணாவது காரு எறக்குறியாமே?"

"மொதல்ல இதுல ஏறு."

மஞ்சள் கொடி காட்டி எல்லாக் கார்களையும் மெதுவாக ஓடவைத்த நேரத்தில் கோல்பியை ஜன்னல் வழியாக உருவி எடுத்தார்கள். அந்த ஒல்லிப் பையனுக்கு அளவெடுத்த சீட்டில் ஹார்லன் பாதியில் சிக்கிக்கொண்டான்.

"வயித்தை உள்ள இழுய்யா!" என்று கத்தினான் ஒரு மெக்கானிக்.

"இழுத்தாச்சுப்பா, இது மிச்சம்!"

இரண்டு பேர் தோளைப் பிடித்து அழுத்தியதும் உள்ளே போனான்.

ஆள் மாறியதில் கார் முப்பத்தோராவது இடத்துக்குப் போயிருந்தது. ஆனால் மிதித்தால் பாயும் கார் எப்படியிருக்கும் என்பது ஹார்லனுக்கு அன்றுதான் தெரிந்தது. நானூறாவது சுற்றில் எட்டாவது இடம். நானூற்றுத் தொண்ணூறில் இரண்டாவது. முன்னால் ஒரே ஒரு சிவப்புக் கார்.

காதிலிருந்த ரேடியோவில் வெண்டலின் குரல் கேட்டது. "ரெண்டாவதே போதும்யா. வண்டிய முழுசா கொண்டுவந்து சேரு."

அதுதான் ஹார்லனுக்குக் கைவந்த வேலை. சொன்னபடி கேட்டால் மூன்றாவது கார் கிடைத்தாலும் கிடைக்கும். நொறுக்கினால் டயர் கடை நிச்சயம்.

கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் சிவப்புக் கார் ஒரு கணம் தயங்கியது. ஹார்லனின் கால் தயங்கவில்லை. இந்த வளையத்தில் இடிப்பது தப்பில்லை, இடிக்கத் தெரியாமல் இடிப்பதுதான் தப்பு. அளவாக ஒரு இடி. சிவப்புக் கார் சரிவான வளைவில் மேலே வழுக்க, கீழே ஒரு கார் அகலத்துக்கு வழி திறந்தது. முன்மூஞ்சி நசுங்கி, பானெட் படபடக்க, முதல் ஆளாக எல்லைக்கோட்டைத் தாண்டினான்.

மேடையில் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க நின்ற கோல்பியிடம் மைக்கை நீட்டினார்கள்.

"எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? நான் பக்கெட்டையே பாத்துக்கிட்டிருந்தேன். அந்த அண்ணன்கிட்ட கேளுங்க!"

வெண்டல் காரை மூன்று முறை சுற்றிவந்தான்.

"முழுசா கொண்டுவான்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"இத்தனை வருஷமா உன்னை நான் ஏன் கூப்பிடலைன்னு தெரியுமா? முழுசா கொண்டுவர எங்கிட்ட ரெண்டு பேர் இருக்கானுங்க. இடிக்கத் தெரிஞ்ச ஒருத்தனும் இல்ல. திங்கக்கிழமை வா, மூணாவது காருக்குக் கையெழுத்துப் போடலாம்."

ஹார்லன் பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு சத்தம்.

"எங்கடா அந்தக் கிழட்டுப் பய?"

சிவப்புக் காரின் ஓட்டுநர், கையுறையைக் கழற்றி வீசியபடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். ஹார்லன் தலையைக் கோதிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்து நின்றான். இருபத்திரண்டு வருடத்தில் அவனோடு சண்டைக்கு வரும் முதல் ஆள். மரியாதையாக வரவேற்க வேண்டாமா?